பழுக்காத ஆரஞ்சும் காய்க்காத எலுமிச்சையும்

தமிழர் எங்குக் குடியேறினாலும், வீட்டின் பின்புறத்தில் சிறிதளவு மண் கிடைத்துவிட்டால், அங்கே முதலில் ஊன்றுபவை கறிவேப்பிலையும் எலுமிச்சையுமே ஆகும். ஊறுகாய்க்கும் உண்டிக்கும், வழிபாட்டிற்கும் கைமருந்துக்கும் வேண்டப்படுவது எலுமிச்சை. இடம் சற்றே கூடுதலாக இருப்பின் நாரத்தையும், சாத்துக்குடியும், கமலா ஆரஞ்சும் உடன் சேர்கின்றன. கேரள நாட்டின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் எல்லை ஊர்களிலே வாழும் தமிழ்க் குடும்பங்களின் கொல்லைகளிலும் இம்மரங்களைக் காணலாம். அவற்றைப் பற்றிக் கூறப்படும் குறைகளும் ஏறக்குறைய ஒன்றேதான். "மரம் தழைத்து நிற்கிறது, பூக்கவில்லை." "பூத்தது, பிஞ்செல்லாம் உதிர்ந்தது." "காய்த்தது, மாதங்கள் பலவாகியும் பழுக்கவில்லை." "பழுத்தது, உரித்தால் உள்ளே சாறில்லை."

இக்குறைகளுக்கு மருந்து தேடுவதில் நம்மவர் பெரும்பாலும் அவசரப்படுகின்றனர். ஒருவர் நல்ல மரத்தை மலடு என்றெண்ணி வெட்டி விடுகிறார். மற்றொருவர் தீராத நோய் பிடித்த மரத்திற்கு ஆண்டுதோறும் உரமிட்டு, அண்டை வீட்டு மரங்களும் கெடுவதற்கு இடந்தருகிறார். இவ்விரு தவறுகளுக்கும் வேர் ஒன்றே. ஒரே அறிகுறி இரண்டு இடங்களில் இரண்டு வெவ்வேறு பொருளைத் தரக்கூடும் என்பதை மறந்து விடுகிறோம். ஆகையால் மரத்தைப் பார்ப்பதற்கு முன்பு, அது நிற்கும் இடத்தைச் சற்றே பார்ப்போம்.

இரு நிலங்கள்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை அறுபட்டுக் கிடக்கும் வாயிலே பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள இவ்வாயிலின் கீழ்ப்புறத்தில் சிற்றூர்த் தாலுகா உள்ளது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி முதலிய ஊர்களில் தமிழே வீட்டு மொழியாக வழங்குகிறது. கேரளத்தின் பிற பகுதிகளைப்போல் இங்கே மழை கொட்டுவதில்லை. கேரளத்தில் அரிதாகக் காணப்படும் கரிசல் மண் இப்பகுதியிலேதான் அமைந்திருக்கிறது. அம்மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து கணவாய் வழியே வறண்ட காற்று விசையுடன் வீசும். இரவிலும் பெருங்குளிர் இல்லை.

இடுக்கியின் நிலை இதற்கு நேர்மாறானது. மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு முதலிய இடங்களில் தென்மேற்குப் பருவமழை மிகப் பலமாகப் பெய்கிறது. அம்மழை மண்ணிலுள்ள சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துச் சென்று விடுவதால் மண் புளித்து நிற்கிறது. மலைக்கு அப்பால் மழை மறைவிலுள்ள மறையூர், காந்தளூர் ஆகிய ஊர்கள் அத்தனை ஈரமுடையவை அல்ல. ஆயினும் உயரத்திற்கேற்ப அங்கும் இரவுகள் குளிர்ந்தே இருக்கும். மூணாற்றில் குளிர்கால இரவுகள் சிலவற்றில் உறைபனி படிவதும் உண்டு.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது இவ்வூர்கள் கேரளத்தில் அமைந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல். தேயிலைத் தோட்டங்களில் உழைப்பவரும், தலைமுறைகளாக அங்கேயே உழுதுண்பவரும், அலுவல் காரணமாகச் சென்று தங்கியவருமாகத் தமிழர் பலர் இங்கே வாழ்கின்றனர். இவர்களுள் சமவெளியில் வாழ்பவருக்கு ஏற்ற அறிவுரை மலைமேல் வாழ்பவருக்குப் பொருந்தாது. மதுரையிலோ கோவையிலோ உள்ள உறவினர் தம் தோட்ட அனுபவத்தை வைத்துச் சொல்லும் யோசனையும் அப்படியே பொருந்தி விடும் என்பதில்லை.

பச்சை நிறம் எதைக் காட்டுகிறது?

ஆரஞ்சு என்றால் மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறமே நம் கண்முன் நிற்கிறது. ஆகவே, பச்சைத் தோலுடன் நிற்கும் பழத்தைப் பழுக்காதது என்று முடிவு செய்து விடுகிறோம். உண்மை வேறு. ஆரஞ்சின் உள்ளே சாறு இனிப்பதும், வெளியே தோல் நிறம் மாறுவதும் இரண்டு தனித்தனிச் செயல்கள். முன்னது மரத்தின் வயதையும், பூத்து எத்தனை மாதமாயிற்று என்பதையும், இலைகளின் நலத்தையும் பொறுத்தது. பின்னது பெரும்பாலும் குளிரைப் பொறுத்தது. இரவு வெப்பம் ஏறத்தாழ 13 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கும்போது தோலிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறப் பொருள்கள் அப்போது வெளிப்படுகின்றன.

நாகபுரி ஆரஞ்சும் குடகு ஆரஞ்சும் நிறம் பெறுவதில் குளிர்ந்த இரவுகளுக்குப் பெரும் பங்குண்டு. பாலக்காட்டுச் சமவெளியில் பெரும்பாலான இரவுகள் 20 டிகிரிக்கு மேலேயே இருக்கின்றன. அங்கே கமலாவும் சாத்துக்குடியும் இனித்துச் சாறு நிறைந்த பின்னரும் பச்சையாகவோ வெளிறிய மஞ்சளாகவோதான் நிற்கும். இது நோயன்று, இயற்கை. சென்னையிலும் மும்பையிலும் பச்சைத் தோலுடைய சாத்துக்குடியையே பிழிந்து பருகுகிறோம் அல்லவா? எலுமிச்சை மட்டும் வெப்பமான இடத்திலும் முற்றியபின் மஞ்சளாகும். நிழல் மிகுந்தாலும், தழைச்சத்து உரம் அளவுக்கு மிஞ்சினாலும் நிறம் மாறுவது மேலும் தாமதப்படும்.

அப்படியானால் பக்குவத்தை எவ்வாறு அறிவது? முதலாவது வழி நாட்கணக்கு. பூத்த நாளிலிருந்து எலுமிச்சைக்கு ஏறக்குறைய 5, 6 மாதங்களும், கமலா ஆரஞ்சுக்கு 8, 9 மாதங்களும் ஆகும். மலைமேல் குளிரினால் இன்னும் சிறிது காலம் கூடலாம். இரண்டாவது வழி கையும் கண்ணும். பழுத்த காய் கையில் கனக்கும். கரும்பச்சை போய் ஒரு மெருகு தோன்றும். தோலின் சொரசொரப்பு குறையும். மூன்றாவது வழியே முடிவானது. ஒரு பழத்தைப் பறித்து அறுத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். மாவும் வாழையும் முற்றிய காயாகப் பறித்த பின்னரும் பழுக்கும்; அவற்றில் சேர்ந்துள்ள மாவுச்சத்து இனிப்பாக மாறும். எலுமிச்சை இனப் பழங்களில் அத்தகைய சேமிப்பு இல்லை. மரத்தில் எவ்வளவு இனித்ததோ அவ்வளவே இனிப்பு. ஆகையால் ஆரஞ்சைப் புளிப்பாகப் பறித்து வைக்கோலில் புதைப்பதாலும், புகைமூட்டம் போடுவதாலும் தோலின் நிறம் மாறலாமேயன்றிச் சாறு இனிக்காது. கால்சியம் கார்பைடுக் கல்லை வைத்துப் பழுக்கச் செய்வதோ நம் நாட்டில் சட்டப்படி தடுக்கப்பட்ட செயல், உடலுக்கும் தீங்கு.

பச்சையே நோயாகும்போது

சமவெளியில் இயற்கையான பச்சை, மலைமேல் நோயின் அடையாளமாக இருக்கலாம். குளிர்ந்த இரவுகள் இருந்தும், உரிய மாதங்கள் கடந்தும், ஒரு மரத்தில் மட்டும், அல்லது ஒரு கிளையில் மட்டும் பழங்கள் பச்சையாகவே நின்றால் கவனிக்க வேண்டும். பசுமை நோய் என்று பயிர் நூலார் கூறும் கொடிய பிணி அதுவாக இருக்கக்கூடும். சீனர் இதனை ஹுவாங்லாங்பிங் என்பர். 1956இல் லின் கோங்சியாங் என்னும் சீன அறிஞர், இது ஒட்டுக்கட்டுவதன் வழியே பரவும் நோய் என்று நிறுவினார். இதற்குக் காரணம் மரத்தின் உணவுக் குழல்களில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தளிரிலே சாறுறிஞ்சும் சைலிட் என்னும் மிகச் சிறிய பூச்சி இதனை மரத்துக்கு மரம் கொண்டு செல்கிறது. அப்பூச்சி பஞ்சாபில் விளைத்த கேட்டைப் பற்றி உசேன், நாத் என்னும் பூச்சியியலார் 1927ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளனர்.

இந்நோயைக் கொல்லையிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். நோயுற்ற பழம் சிறுத்து, ஒருபுறம் கோணியிருக்கும். காம்புப் பக்கம் நிறம் மாறி, அடிப்பக்கம் பச்சையாக நிற்கும். நல்ல பழத்தில் இது தலைகீழ். நெடுக்கே அறுத்தால் நடுத்தண்டு வளைந்திருக்கும், விதைகள் சுருங்கிக் கறுத்துச் சாவியாய்ப் போயிருக்கும், சாறு கசக்கும். இலையை எடுத்துக்கொண்டால், அதன் நடுநரம்பின் இரு பக்கங்களிலும் மஞ்சள் திட்டுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் அமைந்திருக்கும். ஐயம் தோன்றினால் ஓர் எளிய சோதனை உண்டு. நடுநரம்பின் இருபுறமும், நேருக்கு நேராக, பேனாவினால் ஒவ்வொரு வட்டம் வரையுங்கள். இரு வட்டத்திற்குள்ளும் மஞ்சளும் பச்சையும் ஒரே மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் சத்துக் குறைவு. ஒன்று பச்சையாகவும் மற்றொன்று மஞ்சளாகவும் இருந்தால் பசுமை நோயென்று ஐயுற இடமுண்டு. முடிவான விடையை ஆய்வுக்கூடமே தர இயலும்.

இந்நோய் வந்த மரத்தைக் குணப்படுத்தும் மருந்து நம் கொல்லைக்கு ஏற்றபடி ஒன்றும் இல்லை. இது கசப்பான செய்தியே. எனினும், ஒரு மரத்தைக் காக்க முயன்று பத்து மரங்களை இழப்பதைவிட, அதனை வேரோடு அகற்றுவதே அறிவுடைமை. வெட்டுவதற்கு முன்னால் மரத்திலுள்ள பூச்சிகளுக்கு மருந்து தெளித்துவிட வேண்டும். இல்லையேல், அவை எழுந்து அடுத்த மரத்திற்குச் சென்றுவிடும்.

நம்மவர் அறிய வேண்டிய மற்றொரு செய்தி, கறிவேப்பிலையும் இந்தச் சைலிட் பூச்சிக்கு விருப்பமான உணவு என்பது. மலையாளத்தில் மரமுல்லை எனப்படும் வெண்பூச் செடியும் அவ்வாறே. எலுமிச்சைக்கு அருகிலேயே கறிவேப்பிலையை நடும் நம் வழக்கத்தால், அப்பூச்சி ஆண்டு முழுதும் தங்க வீடு அமைத்துக் கொடுத்தவர்களாகிறோம். கறிவேப்பிலையை வெட்டிவிட வேண்டும் என்பதில்லை. இரண்டையும் இயன்றவரை தள்ளி நடலாம். கறிவேப்பிலைத் தளிரை அடிக்கடி கிள்ளிச் சமையலுக்கு எடுத்துக்கொண்டே வரலாம். எலுமிச்சை தளிர்க்கும் காலங்களில், ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பை இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கலாம்.

இந்நோயின் வலிமைக்கு அமெரிக்க நாட்டுப் புளோரிடா மாநிலம் சான்று. 2003-04ஆம் பருவத்தில் 24 கோடிப் பெட்டிகளுக்கு மேல் ஆரஞ்சு விளைந்த அந்நாட்டில், நோய் 2005இல் கண்டறியப்பட்டது. 2024-25ஆம் பருவத்தில் விளைந்தது ஒன்றரைக் கோடிப் பெட்டிக்கும் குறைவே. புயல்களும் இவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்றாலும், முதற் காரணம் இந்நோயே. நம் தென்னக மலைகளிலும், குடகிலும் வயநாட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும், காப்பித் தோட்டங்களுக்கிடையே செழித்திருந்த கமலா ஆரஞ்சு மரங்கள் சென்ற நூற்றாண்டில் பெருமளவு நலிந்தன. அந்நலிவுக்கு இந்நோயுடன் வேரழுகலும், மண்ணின் சத்திழப்பும், வேறு வைரசு நோய்களும் சேர்ந்து காரணமாயின. பாலக்காட்டு மாவட்டத்து நெல்லியாம்பதியில், கொச்சி அரசு 1943இல் தொடங்கிய பண்ணை இன்றும் ஆரஞ்சு, காய்கறிப் பண்ணை என்றே பெயர் பெற்று விளங்குகிறது. மலைச்சாரலில் ஆரஞ்சு வளர்ப்பின்மீது அக்காலத்தார் கொண்டிருந்த நம்பிக்கையை அப்பெயர் காட்டுகிறது.

பூவாத மரம்

இனி, தழைத்தும் பூக்காத மரத்தைப் பார்ப்போம். முதலில் கேட்க வேண்டிய வினா அதன் பிறப்பைப் பற்றியது. விதையிலிருந்து முளைத்த எலுமிச்சை பூக்க 4, 5 ஆண்டுகளும், ஆரஞ்சு பூக்க 6 முதல் 8 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை நீண்ட முள்ளும் உயர்ந்த கிளைகளுமாக நிற்பது அதன் இளமைப் பருவம். அதை மலடு என்று வெட்டுவது முறையன்று. மொட்டுக்கட்டிய ஒட்டுக்கன்றோ 3, 4 ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும்.

இரண்டாவது வினா, நாம் நட்ட மரந்தான் நிற்கிறதா என்பது. ஒட்டுக்கன்றின் அடிப்பகுதி வேறோர் இனத்தைச் சேர்ந்தது. ஒட்டுக்கட்டிய இடத்திற்குக் கீழேயிருந்து எழும் போத்துகளை விட்டுவிட்டால், அவை விரைந்து வளர்ந்து மேல் மரத்தை அமுக்கிவிடும். ஆண்டுகள் சில சென்றபின், சாத்துக்குடிக்குப் பதிலாகத் தடித்த தோலும் கடும் புளிப்புமுள்ள காட்டுக் காய்கள் தோன்றும். இலையின் வடிவும் முள்ளின் நீளமும் வேறுபடுவதைக் கொண்டு இப்போத்துகளை இனங்கண்டு, அடியோடு நீக்கிவிட வேண்டும்.

மூன்றாவது காரணம் தண்ணீர். கொல்லை எலுமிச்சைக்குப் பெரும்பாலும் சமையலறைக் கழிவு நீரே பாய்கிறது. நாள்தோறும் ஈரம் கிடைக்கும் மரம் இலையையும் கிளையையும் விட்டுக்கொண்டே போகிறது. பூக்க வேண்டிய தேவை அதற்கு உண்டாவதில்லை. குளிர்நாடுகளில் குளிரும், நம் போன்ற வெப்ப நாடுகளில் வறட்சியும் இம்மரங்களை ஓய்வு கொள்ளச் செய்கின்றன. அவ்வோய்வுக்குப் பின் நீர் கிடைத்ததும் பூ வருகிறது. ஆகவே, பாலக்காட்டுச் சமவெளியில் தை, மாசி மாதங்களில் மூன்று நான்கு வாரம் அந்நீரை வேறு பக்கம் திருப்பிவிடலாம். இலை சற்றே வாடித் தொங்கும் நிலை வந்ததும், எருவிட்டுப் படிப்படியாக நீரைக் கூட்டினால் பெரும்பாலும் பூக்கும். இலை கருகும் வரை காயவிடுதல் கூடாது. கரிசல் மண்ணில் ஈரம் நெடுநாள் தங்குமாதலால் அங்கே சற்றுக் கூடுதலான நாட்கள் வேண்டும். நோயுற்ற மரத்திற்கும், காய் தாங்கி நிற்கும் மரத்திற்கும் இம்முறை ஆகாது.

நான்காவது, வெயில். பலாவின் நிழலிலும், தென்னைகளின் நெருக்கத்திலும், உயர்ந்த மதிலின் ஓரத்திலும் நிற்கும் எலுமிச்சை உயிரோடிருக்கும், காய்க்காது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மலைப்பகுதியில் நிழல் மரங்களின் கிளைகளை மழைக்கு முன் கழிப்பது நலம். தழைச்சத்து மிகுந்த உரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

உதிரும் பிஞ்சும் உலர்ந்த சுளையும்

பூத்த பூவெல்லாம் காயாவதில்லை. எலுமிச்சை இன மரங்களில் நூறு பூக்களுக்கு இரண்டு மூன்று பழம் நின்றாலே நல்ல விளைச்சல்தான். எனவே, பட்டாணி அளவுப் பிஞ்சுகள் உதிர்வது கண்டு கலங்க வேண்டுவதில்லை. தாங்கக்கூடிய அளவை மரமே வைத்துக்கொள்கிறது. கோலிக்குண்டு அளவைத் தாண்டிய காய்கள் தொடர்ந்து உதிர்ந்தால் மட்டும் காரணம் தேட வேண்டும்.

சமவெளியில் அக்காரணம் பெரும்பாலும் கணவாய்க் காற்று. வறண்ட கீழ்க்காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சும்போது, மரம் காயைத் துறந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. கிழக்குப் பக்கத்தில் அகத்தியோ கிளுவை வேலியோ அமைத்துக் காற்றைத் தடுக்கலாம். மரத்தடியில் நான்கு அங்குல உயரம் சருகும் தென்னை மட்டையும் பரப்பி, வாரம் ஒரு முறையோ இரு முறையோ ஆழ நீர் விடலாம். சருகு தண்டைத் தொடாதபடி அரையடி விலக்கியே இட வேண்டும். நெடுநாள் காய்ந்த மண்ணில் திடீரென மழை பெய்தால், உள்ளே சுளை பருத்து, தோல் ஈடுகொடுக்காமல் காய் வெடிக்கும். இதற்கும் சீரான ஈரமே மருந்து.

மலைப்பகுதியில் பழம் முற்றும் சமயம் வேறொரு பகை வருகிறது. இரவில் பறந்து வந்து பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் பெரிய அந்துப்பூச்சி அது. மறுநாள் பார்த்தால் பழத்தில் ஊசி குத்தியது போன்ற ஒரு துளை மட்டும் தெரியும். சில நாளில் அவ்விடம் அழுகிப் பழம் விழும். இதன் புழுக்கள் எலுமிச்சையில் வாழ்வதில்லை. சீந்தில் முதலிய கொடிகளில் வளர்கின்றன. மலையாளத்தில் சிற்றமிர்து என்று வழங்கும் அக்கொடி மருந்துக்கு உதவுவதாயினும், மரத்தருகே வேலியில் படரவிடுதல் கூடாது. பழங்கள் நிறம் மாறத் தொடங்குமுன் காகிதப் பையோ துணிப் பையோ கட்டிவிட்டால், பத்து இருபது பழமுள்ள கொல்லை மரத்திற்கு அதைவிடச் சிறந்த காப்பு இல்லை. விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைத்தால் பழ ஈயும் பெருகாது.

உரித்த ஆரஞ்சில் சுளை வெளுத்துச் சக்கையாய் இருப்பது பெரும்பாலும் நாமே தேடிக்கொள்வது. நிறம் வரட்டும் என்று பக்குவம் கடந்தும் மரத்திலேயே விட்டுவைப்பது முதற் காரணம். இளமரத்தின் மிகப் பெரிய பழங்களிலும், தழைச்சத்தும் நீரும் மிகுந்த மரங்களிலும் இது கூடுதலாகத் தோன்றும். நிறத்தையே நம்பிக் காத்திருக்கும் சமவெளிக் குடும்பம் இனிப்பான பழத்தைக் கண்முன்னே இழப்பது இவ்வாறுதான்.

மண்ணும் வேரும்

சிற்றூர்ப் பகுதியின் சுண்ணாம்புக் கரிசலில் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிட்டுவதில்லை. இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புக் குறை. இலை சிறுத்துக் குறுகி, நரம்புகளுக்கிடையே மஞ்சள் படர்ந்தால் துத்தநாகக் குறை. துத்தநாகத்திற்கு, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் இரண்டரை கிராம் நீற்றுச் சுண்ணாம்பும் கலந்து வடிகட்டித் தளிரில் தெளிக்கலாம். தொழுவுரமும் இலைமக்கும் நிறைய இடுவது நிலையான மருந்து. அங்கே மரத்தடியில் சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ கொட்டுதல் கூடவே கூடாது.

இடுக்கியின் புளித்த மண்ணிலோ அதே சுண்ணாம்பு தேவையாகிறது. முதிர்ந்த இலையின் காம்புப் பக்கத்தில் மட்டும் கூம்பு வடிவில் பச்சை எஞ்சி, மற்றப் பகுதி மஞ்சளானால் அது மக்னீசியக் குறை. இதற்கு டோலமைட் தூள் ஏற்றது. அது சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் ஒருங்கே தரும். அளவை மண் ஆய்வின்படியே வகுத்துக்கொள்ள வேண்டும். பாருங்கள், ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் நஞ்சு!

வளர்ந்த மரத்திற்கு ஆண்டுக்கு 25 முதல் 30 கிலோ தொழுவுரம் போதும். அதைத் தண்டை ஒட்டிக் குவிக்காமல், இரண்டு மூன்று அடி தள்ளி, கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் இட வேண்டும். தண்டைச் சுற்றி மண்ணையும் எருவையும் அணைத்து வைப்பதால், பெருமழைக் காலத்தில் பட்டை அழுகிப் பிசின் வடிகிறது. இலைகள் மஞ்சளாகி, நுனிக்கிளைகள் காய்கின்றன. ஒட்டுக்கட்டிய இடம் எப்போதும் தரைக்கு மேல் அரையடி உயரத்தில் தெரிய வேண்டும். நீர் தேங்காதபடி வடிகால் வெட்ட வேண்டும். அழுகிய பட்டையைச் சுரண்டியெடுத்து, போர்டோப் பசையைப் பூசலாம். மயில்துத்தம் 100 கிராம், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராம் ஆகியவற்றைத் தனித்தனியே அரை லிட்டர் நீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கினால் அப்பசை கிடைக்கும். மண்பாண்டமோ பிளாஸ்டிக் பாத்திரமோ கொள்க. இரும்புப் பாத்திரம் ஆகாது.

எவரிடம் கேட்பது?

கேரளத்தில் 1987 முதல் ஊராட்சிதோறும் கிருஷி பவன் என்னும் வேளாண்மை அலுவலகம் இயங்கி வருகிறது. பாலக்காட்டு மாவட்டத்தில் பட்டாம்பியிலும், இடுக்கியில் சாந்தன்பாறையிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. மொழி தெரியாதே என்று நம்மவர் சிலர் தயங்குவதுண்டு; அத்தயக்கம் வேண்டாம். எலுமிச்சை அங்கே செறுநாரங்ங, ஆரஞ்சு மதுரநாரங்ங, ஊறுகாய்க்குரிய பெரிய புளிப்புக் காய் வடுகப்புளி, மரம் நாரகம். நம் நாரத்தையும் அவர்தம் நாரங்ஙவும் உறவுச் சொற்கள் அல்லவா? ஐரோப்பிய மொழிகளில் ஆரஞ்சைக் குறிக்கும் சொல்லுக்கே தென்னாட்டு மொழிகள் மூலமாயிருக்கலாம் என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகின்றனர். நோயுற்ற இலைகள் சிலவற்றையும், நெடுக்கே அறுத்த ஒரு பழத்தையும், மரத்தடியில் எடுத்த மண்ணையும் கொண்டு சென்றால், அவையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது, பிறந்த வீட்டு மரத்தின் கன்றையோ ஒட்டுக் கிளையையோ துணியில் சுற்றி எடுத்துவரும் ஆசை நமக்கெல்லாம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நோயும், தளிரில் ஒட்டிய பூச்சியும் உடன் வருவது அவ்வழியிலேதான். வேண்டிய கன்றை நம்பத்தக்க அரசினர் பண்ணையிலோ பல்கலைக்கழக நாற்றங்காலிலோ வாங்குவதே நலம். தமிழ்நாட்டிலிருந்தே வேண்டுமென்றால், பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 எலுமிச்சை போன்ற தேர்ந்த வகைகள் இருக்கின்றன.

கன்றை நட்டபின் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நட்ட நாள், பூத்த நாள், எருவிட்ட நாள், பழம் பறித்த நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். மூன்று ஆண்டுகள் எழுதினால், உங்கள் மண்ணிலும் உங்கள் வானத்தின் கீழும் அம்மரத்தின் வழக்கம் இன்னதென்று தெரிந்துவிடும். அதன்பின், பச்சையாய் நிற்கும் பழம் காத்திருக்கச் சொல்கிறதா, பறிக்கச் சொல்கிறதா, அல்லது நோயைத் தெரிவிக்கிறதா என்பதைப் பிறர் சொல்லக் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.